அக்குள் ஸ்கேனுக்கு அரைமணி நேரம் ஒதுக்கிய நிலையம்

அம்மாவின் இடது அக்குளில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது, நெறி கட்டியிருக்கும், நான்கு நாளில் வடிந்துவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மூன்று வாரமாகியும் அது வடியாததால் அறுவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். 58 வயதுப் பெண்ணுக்கு ஒருபக்க அக்குளில் மட்டும் கட்டி இருந்தால் மார்பகத்தையும் சேர்த்தே பார்த்தாக வேண்டும் என்று கூறிய அவர், மம்மோகிராமும் (மார்பக எக்ஸ்ரே), இரு மார்பகங்களுக்கும் இரு அக்குள்களுக்குமான அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். மம்மோகிராமில் குறை எதுவும் இல்லை. ஸ்கேனைத்தான் இரண்டு இடங்களில் எடுக்க நேர்ந்தது. இந்த மதிப்புரை திருச்சியில் நாங்கள் இரண்டாவதாகச் சென்ற நிலையத்தைப் பற்றியது என்றாலும், முதல் இடத்தில் நடந்ததைச் சொல்லாமல் இதன் அருமை விளங்காது.

முதல் இடத்தில் ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கையை முழுவதுமாக உயர்த்தச் சொல்லவில்லை. கட்டி எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. இடது அக்குளில் சில நிணநீர் முடிச்சுகள் தென்படுகின்றன என்ற ஒற்றை வரியே அறிக்கையாக வந்தது. நிணநீரை வடிகட்டிக் கிருமிகளை எதிர்க்கும் இந்தச் சிறு முடிச்சுகள் ஒவ்வோர் அக்குளிலும் 20-க்கு மேல் இயல்பாகவே இருக்கின்றன. அவை எந்த அளவில், எந்த வடிவில் இருக்கின்றன என்று எழுதாமல், இருக்கின்றன என்று மட்டும் எழுதினால் அதை வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன முடிவெடுப்பார்? அந்த ஒற்றை வரியால் அம்மா இரண்டு இரவுகள் உறங்கவில்லை.

இரண்டாவது நிலையத்தில் ஸ்கேன் பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர். கருவியைத் தொடும் முன், "எந்த இடத்தில் தட்டுப்படுகிறது என்று ஒரே விரலால் காட்டுங்கள் அம்மா" என்று கேட்டு, தாமும் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டார். தோளுக்கடியில் சிறிய தலையணை வைத்து, கையைத் தலைக்குப் பின்னால் மடக்கி வைக்கச் செய்தார். தோலில் வைத்து ஒலியலைகளை உள்ளே அனுப்பும் கைக்கருவிதான் புரோப்; வயிற்றுக்குப் பயன்படுத்தும் வளைந்த புரோபை எடுக்காமல், தட்டையான முகம் கொண்ட, அதிக அதிர்வெண்ணுள்ள புரோபை எடுத்தார். அதிர்வெண் கூடக்கூட ஒலி ஆழமாகச் செல்லாது என்றாலும், தோலுக்கு அருகிலுள்ளவை மிகத் துல்லியமாகத் தெரியும். அக்குளுக்கு அதுவே பொருத்தம். அக்குள் குழிவாக இருப்பதால் புரோபுக்கும் தோலுக்கும் இடையே காற்று தங்கிவிடும், காற்றைத் தாண்டி அந்த ஒலி உள்ளே போகாது என்று சொல்லி, ஜெல்லைத் தாராளமாக நிரப்பினார். பிறகு மேற்கையை ஒட்டிய பகுதியில் தொடங்கி, மார்புத் தசைக்கு அடியில் இருக்கும் முடிச்சுகள் வரை மெதுவாக நகர்த்திப் பார்த்தார். வலது அக்குளையும் அதே நிதானத்துடன் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டார்.

அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பி விளக்கியதை நான் குறிப்பாகப் பாராட்ட விரும்புகிறேன். நல்ல நிலையிலுள்ள நிணநீர் முடிச்சு அவரை விதை போல நீள்வட்டமாக இருக்கும். வெளியே மெல்லிய கருமையான ஓரமும், உள்ளே கொழுப்பாலான வெண்மையான நடுப்பகுதியும் தெரியும். அந்த ஓரம் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் கவனிக்க வேண்டும்; ஒரு பக்கமாகப் புடைத்தாலோ, நடுவிலுள்ள வெண்மை மறைந்து முடிச்சு உருண்டையாகிவிட்டாலோ ஐயம் வலுக்கும். அம்மாவுக்கு ஓரம் 4 மில்லிமீட்டர் இருந்தது. ஆனால் சுற்றிலும் சீராக இருந்தது, வெண்மையும் கலையவில்லை, இரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் முறையில் பார்த்தபோது அந்த ஓட்டமும் நடுப்பகுதி வழியாகவே சென்றது. காசநோயில் நிகழ்வதுபோல முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கவோ, உள்ளே சீழாகக் கரைந்திருக்கவோ இல்லை என்பதையும் பார்த்துச் சொன்னார். அதன் பிறகுதான், "இந்தக் கையில் அண்மையில் ஏதாவது புண் வந்ததா?" என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு முன் இடது ஆள்காட்டி விரலில் வந்து பழுத்து உடைந்த நகச்சுற்று அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. கையிலிருந்து வரும் நிணநீர் அக்குளில்தான் வடிகட்டப்படுகிறது என்பதால், விரலில் வந்த கிருமித்தொற்றை எதிர்த்தே அந்த முடிச்சு வீங்கியிருக்கக்கூடும் என்றார். ஆனாலும் மிக நுண்ணிய மாற்றங்கள் ஸ்கேனில் தெரியாமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் கூறி, ஆறு வாரம் கழித்து மீண்டும் பார்ப்போம், அப்போதும் குறையவில்லை என்றால் ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி செலுத்தித் திசு எடுத்துச் சோதிக்கலாம் என்றார்.

குறைகளும் உண்டு. முன்பதிவு செய்திருந்தும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். உடை மாற்றுவதற்குத் தனியறை இல்லை. மெல்லிய திரை ஒன்றுதான். மார்பையும் அக்குளையும் திறந்து காட்டவேண்டிய பரிசோதனைக்கு வரும் பெண்களுக்கு இது பெரிய சங்கடம். நிர்வாகம் இதை உடனே சரிசெய்ய வேண்டும். முதல் இடத்தைவிட 600 ரூபாய் கூடுதலாக 1,500 ரூபாய் வாங்கினார்கள். மருத்துவர் செலவிட்ட அரைமணி நேரத்துக்கு அது மிகையாக எனக்குத் தோன்றவில்லை.

ஆறு வாரம் கழித்து அங்கேயே மீண்டும் சென்றோம். முதல் அறிக்கையில் முடிச்சின் இருப்பிடத்தையும் நீள அகலத்தையும் ஓரத்தின் தடிமனையும் எழுதிவைத்திருந்ததால், அதே முடிச்சைத் தேடிக் கண்டுபிடித்து அளக்க முடிந்தது. 4 மில்லிமீட்டராக இருந்த ஓரம் 2 ஆகக் குறைந்திருந்தது. புதிய அறிக்கையில் பழைய அளவையும் பக்கத்திலேயே எழுதித் தந்தார்கள். அறுவை மருத்துவர் அந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, ஊசிப் பரிசோதனை தேவையில்லை என்று அம்மாவிடம் சொன்னார்.