வலுவான மட்டையாளர் நான்காவதா, முதலாவதா?

மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் பேஸ்பால் ஆடும் எங்கள் தமிழ்க் கூட்டத்தில் ஓயாத வழக்கு இது: பந்தை எல்லைக்கு அப்பால் அடிப்பவரை நான்காவதாக இறக்குவதா, முதலிலேயே அனுப்புவதா?

நான்காமிடம் பழைய மரபு. முன்னால் போன மூவரும் தளங்களில் (ஓடிச் சேரும் பேஸ்களில்) நின்றால் ஒரே அடியில் நான்கு ஓட்டங்கள். கேட்க இனிக்கிறது. பேஸ்பாலில் மூன்று அவுட்டோடு இன்னிங்ஸ் முடிந்துவிடும்; மூவரும் வரிசையாக அவுட்டானால், அந்த இன்னிங்ஸில் அவர் மட்டையையே தொடுவதில்லை.

முதலிடத்தின் பலம் கணக்கில் இருக்கிறது. கிரிக்கெட்டில் அவுட்டானால் அந்த இன்னிங்ஸில் கதை முடிந்தது. இங்கே ஒன்பது பேரும் சுற்றிச் சுற்றி வருவார்கள். 162 ஆட்டங்கள் கொண்ட அமெரிக்கப் பருவத்தில், வரிசையில் ஓரிடம் முன்னே போனால் மட்டை பிடிக்கச் சுமார் 18 வாய்ப்புகள் கூடும். நான்கிலிருந்து ஒன்றுக்கு வந்தால் 54! 2024இல் முதலில் ஆடிவந்த மூக்கி பெட்ஸ் காயமடைந்தபின், அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் அணி தன் வலுவான மட்டையாளர் ஓடானியை முதலில் இறக்கியது. அந்தப் பருவத்தில் அவர் அடித்த ஹோம் ரன்களும் (எல்லைக்கு அப்பால் போகும் அடிகள்) 54. (இது தற்செயல்தான்.)

டாட்ஜர்ஸாக இருந்தால் என் வாக்கு முதலிடத்துக்கே. எங்கள் அணியில் கடைசி இருவர் தளம் ஏறுவதே அபூர்வம். முதல் ஆளுக்கு முன் எப்போதும் வெறும் தளங்கள்தான். அதனால் இங்கே நான்காமிடமே சரி. அந்த ஒன்பதாவது ஆள் நான்தான்.