ஐஃபாவா, செய்தி நிறுவனமா, ஊர் ஆசிரியரா? சுங்கை சிப்புட் யாரை நம்புகிறது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊருக்குப் பொய்ச் செய்தி பெரும்பாலும் குரல் பதிவாகத்தான் வந்து சேர்கிறது. முகம் தெரியாத ஒருவர், சொந்தப் பெரியப்பா பேசுவது போன்ற உருக்கமான தமிழில் பேசி, "தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள்" என்று முடிக்கிறார். செம்பனைக் காட்டில் வேலை முடித்துவிட்டு வந்து கைப்பேசியைத் திறக்கும் அக்காவுக்கு அது வேண்டியவரின் குரலாகவே கேட்கிறது. அதற்கான மறுப்போ மலாய் மொழியில், நீண்ட கட்டுரையாக, அவர் ஒருபோதும் திறக்காத ஓர் இணையதளத்தில் இருக்கிறது. உண்மை சரிபார்ப்பவர்களை மக்கள் நம்புவதில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். எங்கள் ஊரில் பலர் அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. அறிமுகமே இல்லாத ஒருவர்மீது நம்பிக்கையும் வராது, அவநம்பிக்கையும் வராது.

இன்று நம் முன்னால் உள்ள வழிகள் நான்கு. அரசு நடத்தும் சரிபார்ப்பு, செய்தி நிறுவனங்களின் சரிபார்ப்பு, பயனர்களே எழுதும் சமூகக் குறிப்பு, ஊரில் நாம் நேரில் போய்க் கேட்கும் ஆள். இவற்றை ஒரே கேள்வியால் அளக்க விரும்புகிறேன்: இவர் சொன்னது தவறானால் அதை எங்கே போய்க் கேட்பது? பதில் கேட்க வழியிருக்கும் இடத்தில்தான் நம்பிக்கை வளரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அரசிலிருந்து தொடங்கலாம். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017 மார்ச்சில் 'செபெனார்ஞா' தளத்தைத் தொடங்கியது. அது பெரும்பாலும் மலாயில் இயங்குகிறது. 2025 ஜனவரியில் அதே ஆணையம் 'ஐஃபா' என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கொண்டுவந்தது. வாட்ஸ்அப்பிலேயே கேள்வி கேட்கலாம். மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் என நான்கு மொழிகளில் பதில் வரும். தமிழையும் சேர்த்ததற்காக நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

பண உதவி, அடையாள அட்டை, சேமநிதி போன்றவற்றில் இந்த வழியை மிஞ்ச வேறு எதுவும் இல்லை. 2025 ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை, 18 வயது நிறைந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் 'சாரா' என்ற அடிப்படைப் பொருள் உதவியாக 100 ரிங்கிட் மைகாட் அடையாள அட்டை வழியாக வழங்கப்பட்டது. பதிவு எதுவும் தேவையில்லை. அட்டையைக் கடையில் காட்டிப் பொருள் வாங்கினால் போதும். அந்த நாள்களில் எங்கள் குடியிருப்புக் குழுவில் 'பதிவு செய்ய இங்கே அழுத்துங்கள்' என்று ஓர் இணைப்பு சுற்றியது. அது பொய் என்று சொல்லும் தகுதி, பணத்தைக் கொடுக்கும் அரசுக்குத்தான் முதலில் இருக்கிறது. இங்கே சுதந்திரமான ஆய்வாளர் என்று யாரும் தேவைப்படவில்லை. அதிகாரபூர்வமான ஒரு வரி போதுமாக இருந்தது.

ஆனால் கேள்வி அரசையே பற்றியதாக இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. 2015 ஜூலையில், அரசு முதலீட்டு நிதியான 1எம்டிபியின் ஊழல் விவகாரத்தை எழுதிவந்த 'சரவாக் ரிப்போர்ட்' தளத்தை முடக்கியது இதே ஆணையம்தான். நாட்டின் நிலைத்தன்மையைக் காக்க என்று அப்போது காரணம் கூறப்பட்டது. 2018 மே மாதம் ஆட்சி மாறிய பிறகுதான் அந்தத் தடை விலகியது. 1எம்டிபியின் முன்னாள் துணை நிறுவனமான எஸ்ஆர்சி தொடர்பான வழக்கில் 2020 ஜூலையில் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மக்களுக்கு இது மறந்துபோகுமா? 2018 ஏப்ரலில், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஆறாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம். அந்தச் சட்டத்தின்கீழ் முதலில் தண்டிக்கப்பட்டவர், ஒரு கொலைச் சம்பவத்தில் போலீஸ் தாமதமாக வந்தது என்று காணொளியில் குறைகூறிய வெளிநாட்டவர். சட்டத்தை ரத்து செய்ய 2019-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. ஆனால் 'பொய்' என்ற முத்திரை அரசின் கையில் இருந்தால் என்ன நடக்கக்கூடும் என்பதை நாடு அதற்குள் பார்த்துவிட்டது. அரசுத் தளத்தின் மறுப்பைப் பார்த்துவிட்டு 'வேறு என்ன சொல்வார்கள்' என்று ஒருவர் கேட்டால், அவரை அறியாதவர் என்று நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவது வழியான செய்தி நிறுவனங்களுக்கு வருவோம். பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏஎஃப்பி மலேசியச் செய்திகளை மலாயிலும் ஆங்கிலத்திலும் சரிபார்க்கிறது. மலேசியத் தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் 'மைசெக்' என்ற சரிபார்ப்புப் பிரிவும் இருக்கிறது. ஆனால் பெர்னாமா 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அரசு நிறுவனம் என்பதை மனத்தில் வைக்க வேண்டும். இந்தத் துறைக்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. 2015-இல் அமெரிக்காவின் போய்ன்டர் இதழியல் நிறுவனத்தில் தொடங்கிய பன்னாட்டு உண்மை சரிபார்ப்பு வலையமைப்பு, உறுப்பினர்களிடம் ஐந்து உறுதிகளைக் கேட்கிறது: சார்பின்மை, ஆதாரங்களைக் காட்டுவது, பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்வது, ஆய்வு முறையை விளக்குவது, தவறைத் திருத்தி வெளியிடுவது. நான் பெரிதாக மதிப்பது கடைசி உறுதியை. ஒரு படம் எந்த ஆண்டு, எந்த நாட்டில் எடுக்கப்பட்டது என்று காட்டி, 'நீங்களும் தேடிப் பாருங்கள்' என்று சொல்பவரிடம் திரும்பிக் கேட்க முடியும். 'பொய்' என்று சிவப்பு முத்திரை மட்டும் குத்துபவரிடம் அது முடியாது.

குறை என்னவென்றால், இவர்களின் மலேசிய வேலை பெரும்பாலும் எங்கள் அக்காமார்களின் மொழியில் இல்லை. தமிழில் சரிபார்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பது இந்தியாவில்தான். எங்கள் குழுக்களில் சுற்றும் தமிழ்ப் பதிவுகளில் பலவும் தமிழ்நாட்டிலிருந்தே வருவதால், அவற்றுக்கு யூடர்ன், ஃபேக்ட் கிரெசண்டோ போன்றவை உதவும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய காணொளிகளைப் பொய் என்று காட்டியதில் இந்தியச் சரிபார்ப்பாளர்களின் பங்கு பெரியது. ஆனால் பேராக்கில் தண்ணீர் வெட்டு என்றோ, தோட்ட வீடுகளைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்றோ வரும் வதந்தியை அவர்கள் எப்படி அறிவார்கள்?

அரசே சரிபார்ப்பாளர் ஆகலாமா என்ற கேள்வி இந்தியாவிலும் எழுந்தது. தன்னைப் பற்றிய செய்திகளைச் சரிபார்க்க மத்திய அரசு குழு அமைப்பதற்கு வழிசெய்த விதியை, பாம்பே உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாது என்றது. தன் வழக்கில் தானே தீர்ப்பு எழுதக்கூடாது என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

சமூகக் குறிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா, 2016 முதல் நடத்திவந்த வெளியார் சரிபார்ப்பை அமெரிக்காவில் கைவிட்டு இதற்கு மாறுவதாக அறிவித்தது. எக்ஸ் தளத்தில் ஏற்கெனவே நடப்பதுதான். குறிப்புகளை வழக்கமாக மாறுபட்டு மதிப்பிடுபவர்கள் ஒரு குறிப்பில் ஒன்றுபட்டால் மட்டுமே அது எல்லாருக்கும் தெரியும். ஏற்பாடு நியாயமானது, அதைக் கணக்கிடும் சூத்திரத்தையும் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் மலேசியத் தமிழ்ப் பதிவுகளைப் படித்து மதிப்பிடும் அளவுக்கு, மாறுபட்ட கருத்துள்ள ஆள்கள் அங்கே திரளவேண்டும். வாட்ஸ்அப்பிலோ இது இல்லவே இல்லை. அங்கே செய்தி மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்வதால் சரிபார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. நாமாக அனுப்பினால்தான் உண்டு. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வந்த கட்டுப்பாடு வேகத்தைக் குறைக்கும், பொய்யைத் திருத்தாது. எங்கள் ஊருக்கு இப்போதைக்கு இந்த வழி பயன்படாது.

நான்காவது வழிதான் உண்மையில் இங்கே நடப்பது. கடிதம் வந்தால் தோட்ட எழுத்தரான கிராணியிடம் கொண்டுபோய்ப் படிக்கக் கேட்ட தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். இன்று அந்த இடத்தில் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் இருக்கிறார், சங்கத்துக்காரர் இருக்கிறார், அரசு கிளினிக்கில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தாதி இருக்கிறார். "டீச்சர், இது உண்மையா, கொஞ்சம் பாருங்கள்" என்று கைப்பேசியை நீட்டுவதில் வெட்கம் இல்லை. அவர் தமிழிலேயே, குரலிலேயே பதில் சொல்கிறார். தவறாகச் சொன்னால் மறுநாள் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அவரைப் பிடித்துக் கேட்கலாம். நான் வைத்த அளவுகோலில் இவரே முதலில் நிற்கிறார்.

ஆனாலும் இவரிடம் மட்டும் விட்டுவிட நான் ஒப்பமாட்டேன். கோயில் நிர்வாகம் இரண்டாகப் பிரிந்திருக்கும் ஊரில் ஆசிரியரும் ஏதோ ஒரு பக்கம் நிற்பார். சங்கத்துக்காரருக்குக் கட்சி இருக்கும். நோய், மருந்து பற்றிய செய்தியில் தாதியின் சொல்லுக்கு உள்ள எடை, முதலீட்டு மோசடியில் அவர் சொல்லுக்கு இல்லை. மேலும், செயற்கையாக உருவாக்கிய காணொளியில் பிரதமரே முதலீடு செய்யச் சொல்வது போலப் பேசும்போது, ஊரில் யாருடைய கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. அங்கே கருவியும் பயிற்சியும் உள்ளவர் தேவை.

ஆகவே என் தேர்வு செய்தியைப் பொறுத்து மாறும். உதவித்தொகை, அரசு நடைமுறை என்றால் ஐஃபாவையோ துறையின் சொந்த அறிவிப்பையோ பார்க்கச் சொல்வேன். அமைச்சர், போலீஸ், தேர்தல் என்றால் அரசைச் சாராத சரிபார்ப்பாளர். இரண்டையும் ஊருக்குக் கொண்டுவருபவர் ஆசிரியர். அவர் தம் கருத்தைச் சொல்லாமல், எங்கே பார்த்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பகுப்பு உடைந்துபோகும் நேரம் ஒன்று உண்டு. 2018 நவம்பர் 26 அதிகாலை, சுபாங் ஜெயா சீஃபீல்ட் மாரியம்மன் கோயிலில் மோதல் வெடித்தது. நிலத் தகராறு அது. ஆனால் சமூக ஊடகங்களில் இனக் கலவரமாகவே பரவியது. எந்தச் சரிபார்ப்பாளரும் சில நிமிடங்களில் கட்டுரை எழுத முடியாது. அந்த வேகத்தில் பேசக்கூடியது அரசு மட்டுமே. அரசின் குரலையோ நம்மவர்கள் சந்தேகத்தோடு கேட்டார்கள். இது இன்னும் தீராத சிக்கல். இதற்காகவே ஒரு கோரிக்கையை வைக்கிறேன்: மலேசியாவில் பரவும் செய்திகளுக்கான மறுப்பை மைசெக்கும் ஏஎஃப்பியும் ஒரு நிமிடத் தமிழ்க் குரல் பதிவாகவும் தரட்டும். ஆதாரம் எங்கே இருக்கிறது என்பதையும், தவறு கண்டால் எங்கே தெரிவிப்பது என்பதையும் அந்தப் பதிவிலேயே சொல்லட்டும். அரசின் தமிழ் வானொலியான மின்னல் பண்பலையின் செய்தி நேரத்திலும் அது ஒலிக்கட்டும், அமைச்சரைப் பற்றிய செய்தி உண்மை என்று தெரியவரும் நாளிலும்கூட.