தென்காசியில இருந்து சைக்கிள எந்தப் பக்கம் திருப்ப: புளியரையா, கடையம் ரோடா?

ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழமை காலைல இதே கேள்விதான். வீட்டு வாசல்ல நின்னு லைட்ட மாட்டும்போது மேக்க திரும்பினா செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை. தெக்க திரும்பினா மத்தளம்பாறை, கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பை (அம்பாசமுத்திரம்), பாபநாசம். மொத ஒரு வருசம் பூரா நான் கடையம் ரோட்டு ஆளு, இப்ப புளியரை ஆளு. அதனால இது நடுநிலையான அலசல்னு நெனச்சு படிக்காதீங்க, கட்சி மாறுனவன் சொல்ற கததான்.

மஞ்சோலை ஏன் இல்லன்னு எப்படியும் யாராவது கேப்பீங்க. மணிமுத்தாறு டேம் வரைக்கும் தாராளமா போலாம். அதுக்கு மேல களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி வேணும், அப்படியே அனுமதி கெடச்சாலும் அந்த ரோடு மெல்லிசு டயருக்கு ஆனது இல்ல. அத விட்டுருவோம். பண்பொழி, மேக்கரை வழியா அச்சன்கோவில் போற ரோடும் இருக்கு. அழகுன்னா அதுதான் அழகு, அடவிநயினார் டேம தாண்டினதும் வேற உலகம். ஆனா நான் போனதே ரெண்டு தடவைதான், ரெண்டு தடவையும் துணைக்கு ஆள் இருந்தாங்க. காட்டுக்குள்ள கட கண்ணி கெடையாது, யானை நடமாட்டம் உள்ள எடம், பஞ்சர் ஆச்சுன்னா உக்காந்து ஒட்டுறதுக்கே மனசு வராது. தனியா போறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு தெரிஞ்சவனும் இல்ல.

மிச்சம் இருக்கது ரெண்டு. ரெண்டும் போக வர தொலைவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். தென்மலை போயிட்டு வந்தா எழுவது கிலோமீட்டர் சொச்சம். அம்பை வரைக்கும் போயிட்டு திரும்பினாலும் அதே அளவுதான், பாபநாசம் சேத்தா இன்னும் ஒரு இருவது.

கடையம் ரோட்ட நான் கொற சொல்லவே மாட்டேன். ஏத்தம்னு பெருசா ஒண்ணும் கெடையாது, வலது கைப்பக்கம் பூரா மலை கூடவே வரும், விடியக்காலைல வயலுக்கு மேல மூட்டம் நிக்கும். கடையம் பாரதியாரோட மாமியார் ஊரு, செல்லம்மா பொறந்த ஊரு, 1918க்கு அப்புறம் கொஞ்ச காலம் அவரே அங்கனதான் இருந்தாரு. அந்த ஊருல டீ குடிக்கும்போதெல்லாம் மனுசன் இந்த மலையத்தான தெனமும் பாத்திருப்பாருன்னு தோணும். பாபநாசத்துல தாமிரபரணில எறங்கி ஒரு முங்கு முங்கிட்டு வந்தா மிதிச்ச வலியெல்லாம் எங்கன போச்சுன்னே தெரியாது. புதுசா சைக்கிள் வாங்கினவங்க, வயசானவங்க, கியர் மாத்தவே இப்பத்தான் பழகுறவங்க எல்லாரும் இந்த ரோட்லதான் ஆரம்பிக்கணும். அதுல மாத்துக் கருத்தே இல்ல.

ஆனா காத்து. எல்லாமே அங்கதான் மாறுது.

வெளியூர்க்காரங்களுக்கு குத்தால சீசன்னா சாரலும் அருவியும் மட்டும்தான் தெரியும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சைக்கிள் மிதிக்கிறவனுக்குத்தான் காத்து தெரியும். தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடல்ல இருந்து வந்து மலைல முட்டுது. மலை ஒசரமா இருக்க எடத்துல தடுத்துரும், தணிஞ்சு கணவாயா இருக்க எடத்துல எல்லாக் காத்தும் சேந்து புனல்ல ஊத்துன மாதிரி பிச்சுக்கிட்டு வரும். ஆரல்வாய்மொழி ஒண்ணு, பாலக்காடு ஒண்ணு, நம்ம செங்கோட்டை ஒண்ணு. ஆரல்வாய்மொழி முப்பந்தல்லயும் நம்ம சுரண்டை பக்கமும் காத்தாடி காத்தாடியா நட்டு வெச்சிருக்காம்லா, அது சும்மா இல்ல.

இப்ப கவனிங்க. கடையம் ரோடு வடக்கு தெக்கா போகுது, காத்து மேக்க இருந்து வருது. போகும்போது வலப்பக்கம் அடிக்கும், நம்மள எடப்பக்கம் தள்ளும், அதாவது ரோட்டு ஓரத்துக்கு. மிஞ்சிப்போனா தார விட்டு மண்ணுல எறங்குவோம், அவ்வளவுதான். திரும்பி வரும்போது அதே காத்து எடப்பக்கம் அடிக்கும், நம்மள வலப்பக்கம் தள்ளும். வலப்பக்கம் என்ன இருக்கு? பஸ்ஸு, லாரி, ஜல்லி ஏத்துன டிப்பரு. இதுல நேரக் கணக்கு வேற ஒண்ணு இருக்கு. விடியக்காலைல காத்து கொஞ்சம் அடங்கி இருக்கும், வெயில் ஏற ஏறத்தான் அதுவும் ஏறும். அப்ப ஓரத்துக்குத் தள்ளும்போது காத்து கம்மி, நடுரோட்டுக்குத் தள்ளும்போது காத்து சாஸ்தி. இத யோசிச்சுப் பாக்க எனக்கு ஒரு வருசம் ஆச்சு, அதுவும் விழுந்தப்புறம்.

அது ஒரு ஆடி மாசம். அம்பை போயிட்டு திரும்பி மத்தளம்பாறைய நெருங்கியாச்சு, மணி பத்து இருக்கும். வலப்பக்கம் ஒரு பஸ் என்ன முந்துது, எடப்பக்கம் வரிசையா மரம். மரம் நின்ன வரைக்கும் ஒண்ணும் தெரியல, மரம் முடிஞ்சு வெட்டவெளி வந்ததும் படார்னு ஒரு அடி. காத்துக்கு எதிரா சாஞ்சு ஓட்டுறதெல்லாம் தொடர்ந்து அடிக்கிற காத்துக்குத்தான், இப்படி விட்டு விட்டு அடிக்கிறதுக்கு ஒடம்பு தயாராவே இருக்காது. பஸ்ஸு பக்கம் சாயுறேன்னு தெரிஞ்சு ஹேண்டில வெடுக்குனு இழுத்தேன், எடப்பக்கம் சரளைல போயி விழுந்தேன். முட்டி சிராய்ப்பு, கியர் லிவர் வளஞ்சது, வேற ஒண்ணும் இல்ல. பக்கத்துல எளநி வெட்டிக்கிட்டு இருந்த அண்ணாச்சி தூக்கிவிட்டுட்டு, "எதுக்கு தம்பி இந்தக் காத்துல கெடந்து சாவுதிய, ஆடிக்காத்து அம்மியவே தூக்குமாம், நீங்க என்னன்னா கம்பி கணக்கா ஒரு சைக்கிள கொண்டுட்டு வாறிய" அப்டின்னாரு. எளநிக்கு காசும் வாங்கல.

புளியரை ரோடு கிழக்கு மேக்கா போகுது. அவ்வளவுதான் வித்தியாசம், அதுவே எல்லாமும். காலைல அஞ்சேகாலுக்கு கெளம்பினா செங்கோட்டை தாண்டி புளியரை வரைக்கும் வயக்காட்டு நடுவுல எதிர்காத்து. மூஞ்சிலேயே அடிக்கும், பதினெட்டு கிலோமீட்டர் வேகம் எடுக்கவே நாக்கு தள்ளும், ஆனா எங்கேயும் தள்ளி விடாது. எதிர்காத்து கால நோகடிக்கும், பக்கவாட்டுக் காத்துதான் ஆளச் சாய்க்கும். அதுலயும் விடியக்காலைங்கிறதால பாதி காத்துதான். அப்புறம் எஸ் வளைவு ஏத்தம், அங்க மரமும் மலையும் மறைச்சிரும். கணவாய தாண்டி ஆரியங்காவு பக்கம் எறங்கினா வேடிக்கைய பாருங்க, காத்த அனுப்புறதே கேரளாதான், ஆனா அங்க காத்த காணோம், மழை மட்டும்தான். காத்து வேகம் எடுக்கிறது கணவாய விட்டு நம்ம பக்கம் எறங்கும்போதுதான்.

கழுதுருட்டில பதிமூணு கண் பாலம் ரோட்ட ஒட்டியே நிக்குது. 1904ல மீட்டர்கேஜ்ல ஓட ஆரம்பிச்ச ரயில், 2018ல இருந்து பிராட்கேஜா அதே பாலத்து மேல போகுது. அங்கன நின்னு போட்டோ எடுக்காம ஒரு தடவ கூட தாண்டினது இல்ல, அறுவது போட்டோ இருக்கும், எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. தென்மலைல ஒரு சாயா, ஒரு பழம்பொரி, திரும்பு.

நெசமான ஏத்தம் திரும்பி வரும்போதுதான். தென்மலைல இருந்து ஆரியங்காவு வரைக்கும் செங்குத்தா இருக்காது, ஆனா விடாது, புழுக்கம் வேற. சின்ன கியர்ல போட்டு பேசாம மிதிக்க வேண்டியதுதான். அது முடிஞ்சு எஸ் வளைவு எறங்கி புளியரை தாண்டுறப்ப மணி ஒம்பதர ஆயிருக்கும், காத்து முழு வேகத்துல இருக்கும், ஆனா இப்ப அது முதுகுல. காலையில என்ன பாடா படுத்துன காத்து இப்ப தென்காசி வரைக்கும் தள்ளிக்கிட்டே வருது. நாப்பதுல போறோம், காதுல காத்துச் சத்தமே இல்ல, செயின் சத்தம் மட்டும் கேக்குது. எழுவது கிலோமீட்டர் மிதிச்ச காலுக்கு கடைசி பதினஞ்சு கிலோமீட்டர் இப்படி அமையுறதுக்கு ஈடா நான் எந்த ஆத்துக் குளியலையும் விட்டுக்குடுப்பேன்.

கொற இல்லாம இல்ல. இது கொல்லம் திருமங்கலம் நேஷனல் ஹைவே, 744. காய்கறி, எம்சாண்ட், ஜல்லி எல்லாம் இந்த வழியாத்தான் கேரளா போகுது. செக்போஸ்ட் பக்கம் லாரி வரிசை கட்டி நிக்கும், எஸ் வளைவுல லோடு லாரி மூச்சு விட்டு ஏறும்போது பின்னால மாட்டினா பொகையத்தான் குடிக்கணும். ஆனா ஏறுற லாரிக்கு நம்மள விட பெரிய வேகம் கெடையாது, அதனால பயம் கம்மி. எறக்கத்துல வளைவுல டீசல் சிந்தி கெடக்கும், சாரலும் சேந்துட்டா வழுக்குப்பாறதான். 25 மில்லிமீட்டர் டயர மாத்தி கொஞ்சம் அகலமா 28 போட்டேன், டயர்ல காத்தையும் கொஞ்சம் கொறச்சு அடிக்கிறேன், ரிம் பிரேக்குன்னா (சக்கர விளிம்பப் பிடிக்கிற பிரேக்கு) கட்டைய அடிக்கடி பாத்துக்கோங்க, ஈர மண்ணு அரம் மாதிரி தின்னுருது. பின்லைட் பகல்லயும் எரியட்டும், மழை மூட்டத்துல லாரிக்காரருக்கு நம்ம தெரியவே மாட்டோம்.

அக்டோபர் வந்துட்டா இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வடகெழக்குக் காத்துல அந்த வேகம் இல்ல, அப்ப கடையம் ரோடுதான் ராஜா, நானும் அங்கதான் போவேன், ஆத்துல தண்ணியும் இருக்கும். மார்ச், ஏப்ரல் பத்தி நான் பெருசா பேசக் கூடாது, ரெண்டு தடவ போயிட்டு வெயில் தாங்காம எட்டு மணிக்கே வீட்டுக்கு ஓடி வந்தவன். அப்புறம் கடையம் ரோட்லயும் காத்து எல்லா எடத்துலயும் ஒண்ணு போல இல்ல. தென்காசில இருந்து கடையம் வரைக்கும்தான் மோசம், ஆழ்வார்குறிச்சி தாண்டிட்டா பொதிகை மலை ஒசந்து நின்னு மறைச்சிருது. அம்பைக்காரங்க இதப் படிச்சிட்டு "இவன் என்னத்தடே காத்து காத்துங்கான்"னு சிரிச்சா அதுவும் நியாயம்தான், அவங்க வீட்டுல இருந்து பாபநாசம், மணிமுத்தாறு சுத்துறதுக்கு ஆடி மாசம் கூட தோதுதான்.

கடைசியா ஒண்ணு. புளியரைல இருந்து திரும்பி வரும்போது பிரானூர் பார்டர்ல பரோட்டாக் கட மணம் ஆள இழுக்கும். பார்டர் எங்கயோ மேக்க இருக்கு, இங்கன எதுக்குடா பார்டர்னு பேருன்னு ஒரு மதுர கூட்டாளி கேட்டான். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவாங்கூர்-கொச்சியோட சேந்தது, அதனால எல்லை இங்கனதான் இருந்துச்சு. எல்லை புளியரைக்கு போயிருச்சு, பேரு மட்டும் கடையோட தங்கிருச்சு. பரோட்டாவுக்கு ஒக்காந்தீங்கன்னா மட்டும் சைக்கிள சும்மா செவுத்துல சாச்சு வெக்காதீங்க, அந்தக் காத்து அதையும் தள்ளி விட்டுரும். என் ரெண்டாவது கியர் லிவர் அப்படித்தான் போச்சு.