மூலக்கூறு மாடல் கிட் – ஆறு மாசம் டியூஷன்ல யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

நான் வீட்டுல வச்சே பிளஸ் ஒன் பசங்களுக்கு பயாலஜி டியூஷன் எடுக்கறேன், பாதிக்கு மேல தமிழ் மீடியம். செல், திசு, இதயம் எல்லாம் நல்லா போயிட்டிருக்கும், உயிரி மூலக்கூறுகள் பாடம் வந்ததும் எல்லார் முகமும் வாடிடும். குளுக்கோஸ்னு ஒரு அறுகோணம் வரைவாங்க, அது கையில பிடிக்கற மாதிரி மேடு பள்ளம் உள்ள ஒரு பொருள்ங்கற எண்ணமே வராது. அதுக்காகத்தான் பந்தும் குச்சியுமா வர்ற மாடல் கிட் ஒண்ணு ஆன்லைன்ல வாங்குனேன். ஆயிரம் ரூபாய்க்குள்ளதான். வாங்கலாமான்னு யோசிக்கற டீச்சர்கள், பெத்தவங்களுக்காக இதை எழுதறேன்.

முதல்ல நல்லது. கறுப்பு பந்து கார்பன், நாலு ஓட்டை. சிவப்பு ஆக்சிஜன், ரெண்டு ஓட்டை. நீலம் நைட்ரஜன், வெள்ளை ஹைட்ரஜன். இந்த கலர் எல்லாம் இன்னைக்கு நேத்து வந்தது இல்ல, 1865ல ஹாஃப்மன்ங்கற வேதியியலாளர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல கிரோக்கே விளையாட்டு பந்துங்களை வச்சு மாடல் செஞ்சு காட்டுனப்பவே கார்பன் கறுப்பு, ஆக்சிஜன் சிவப்புதான். கார்பனோட இணைதிறன் (எத்தனை பிணைப்பு போடும்ங்கறது) 4ன்னு சும்மா மனப்பாடம் பண்ண பையன் கையில அந்த கறுப்பு பந்தை குடுத்துப் பாருங்க, நாலு ஓட்டையும் அடையற வரைக்கும் கீழ வைக்க மாட்டான். நான் பத்து தடவை போர்டுல எழுதி புரியாதது அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுது.

எனக்கு ரொம்ப பிடிச்சது இதுல இருக்கற சாம்பல் கலர் வளையற குச்சி. இரட்டைப் பிணைப்புக்கு அதை ரெண்டு போடணும். சாதாரண வெள்ளைக் குச்சி போட்டா பந்து ரெண்டும் தாராளமா சுத்தும், சாம்பல் குச்சி ரெண்டு போட்டா சுத்தாது, அந்த இடத்துல கார்பன் சங்கிலி மடங்கி நிக்கும். இதை வச்சு ஒரு கிளாஸ் ஃபுல்லா எண்ணெய்தான் நடத்துனேன். மார்கழில தேங்காய் எண்ணெய் பாட்டில்ல உறைஞ்சு நிக்குது, பக்கத்துலயே இருக்கற நல்லெண்ணெய் ஏன் உறையலன்னு கேட்டேன், யாருக்கும் தெரியல. தேங்காய் எண்ணெய்ல அதிகமா இருக்கறது லாரிக் அமிலம், 12 கார்பன், இரட்டைப் பிணைப்பே கிடையாது. கட்டி முடிச்சு டேபிள்ல வச்சா நீட்டா வரும், ரெண்டு மூணு கட்டுனா விறகு அடுக்கற மாதிரி ஒட்டி அடுக்கலாம். நல்லெண்ணெய்ல நிறைய இருக்கற ஒலீயிக் அமிலத்துக்கு 18 கார்பன், நடுவுல ஒரு இரட்டைப் பிணைப்பு, அங்க வளைஞ்சுக்கும். கோணல் விறகை எப்படி நெருக்கமா அடுக்கறது, இடைவெளி விழும், அதனாலதான் சீக்கிரம் உறையாது. நம்ம செல் சவ்வு இறுகிப் போகாம நெகிழ்வா இருக்கறதுலயும் இதே கோணலுக்கு பங்கு இருக்குன்னு அதோட சேத்து சொல்லிட்டேன், அதுக்கப்புறம் சவ்வு பாடத்துக்கு தனியா கஷ்டப்பட வேண்டி வரல.

அடுத்தது ரெண்டு குளுக்கோஸ் சேத்து மால்டோஸ் கட்டறது. ரெண்டு வளையத்தை இணைக்கணும்னா ஒண்ணுல இருந்து ஒரு ஹைட்ரஜன், இன்னொண்ணுல இருந்து ஒரு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கழட்டியே ஆகணும், இல்லன்னா ஓட்டை காலியா இல்ல. கழட்டுனதை ஒரு பொண்ணு சும்மா சேத்துப் பாத்துட்டு "மிஸ், இது தண்ணி மிஸ்!"ன்னு கத்துனா. புத்தகத்துல "நீர் மூலக்கூறு வெளியேறும்"னு ஒரே வரி, அதை அவ கையாலயே வெளிய எடுத்துட்டா. அப்படியே திருப்பி தண்ணியை உள்ள விட்டா பிணைப்பு உடையும், நாம சோறு சாப்பிட்டா வாயிலயும் குடல்லயும் நடக்கறது அதுதான். இணைக்கற இடத்துல அந்த ஒரு ஆக்சிஜன் எந்தப் பக்கம் பாக்குதுங்கறதை மட்டும் மாத்திக் கட்டுனா மாவுச்சத்துக்கு பதிலா வைக்கோல்ல இருக்கற நார்ப்பொருளான செல்லுலோஸ் வந்துரும். அரிசியும் வைக்கோலும் ஒரே குளுக்கோஸ்தான், நமக்கு அரிசி செரிக்குது, வைக்கோலை உடைக்க நம்மகிட்ட என்சைம் இல்ல, மாட்டுக்கே அதோட வயித்துல இருக்கற நுண்ணுயிர்தான் உடைச்சுக் குடுக்குது. இதை சொல்லும்போது மாடு வச்சிருக்கற வீட்டுப் பசங்க முகத்தை நீங்க பாக்கணும்.

இப்ப குறை. பெரிய குறை ஒண்ணு இருக்கு, டப்பா மேல எங்கயும் அதை எழுதியிருக்க மாட்டாங்க. இதுல ஹைட்ரஜன் பிணைப்பு கிடையாது. குச்சி போட்டா மூலக்கூறுக்குள்ள அணுக்களை சேத்துப் பிடிக்கற உறுதியான சகப்பிணைப்பு, போடலன்னா ஒண்ணுமே இல்ல. ஆனா உயிரோட பாதி வேலை அந்த பலவீனமான இழுப்புலதான் நடக்குது. தண்ணில ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் நெகட்டிவ், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் பாசிட்டிவ், அதனால பக்கத்து தண்ணியை இழுத்துப் பிடிக்குது, பலம் பாத்தா உள்ள இருக்கற பிணைப்புல இருபதுல ஒரு பங்குதான் வரும். மண்பானை தண்ணி சில்லுன்னு இருக்கறது, வேர்வை காய்ஞ்சா உடம்பு குளிர்றது எல்லாம் அந்தப் பிடியை அறுத்துட்டு ஆவியா போக நிறைய வெப்பம் தேவைப்படறதாலதான். டி.என்.ஏ ஏணியோட படிக்கட்டு கூட இதேதான், ஒரு வகை ஜோடிக்கு 2 ஹைட்ரஜன் பிணைப்பு, இன்னொரு வகைக்கு 3, பலமா இருந்திருந்தா நகல் எடுக்க பிரிக்கவே முடிஞ்சிருக்காது. இவ்வளவு முக்கியமானதை காட்ட கிட்ல வழி இல்ல.

நான் என்ன பண்ணேன்னா சின்ன பட்டன் காந்தம் வாங்கி, ஆக்சிஜன் பந்துல ஒரே துருவம் வெளிய தெரியற மாதிரி ரெண்டு, ஹைட்ரஜன் பந்துல எதிர் துருவம் வெளிய வர்ற மாதிரி ஒண்ணுன்னு பசை போட்டு ஒட்டிட்டேன். இப்ப தண்ணி மூலக்கூறை பக்கத்துல கொண்டு போனா தானா திரும்பி ஒட்டிக்குது, லேசா இழுத்தா விட்டுடுது. இன்னொண்ணு, பாகைமானி வச்சு அளந்தா தண்ணியோட கோணம் கிட்ல 109 பக்கம் வருது, நிஜத்துல 104.5. அதை வாய்ல சொல்லிக்கலாம்.

சில்லறைக் குறைகளும் உண்டு. குச்சியை கழட்டறதுக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி வருது, அதை தொலைச்சுட்டா நகம் போயிரும். சில சிவப்பு பந்துல ஓட்டை லூசாயிருச்சு. எனக்கு வந்த டப்பால நீல பந்து குறைவா இருந்துச்சு, விற்ற கடைக்கு மூணு தடவை மெசேஜ் போட்டப்புறம்தான் அனுப்புனாங்க, அதனால வந்த அன்னைக்கே எண்ணிருங்க.

எந்த சைஸ்னு கேக்கறவங்களுக்கு: உலோகம் எல்லாம் சேத்து விலை ஜாஸ்தியா வர்ற பெரிய செட் பயாலஜிக்கு தேவையே இல்ல. நம்ம உடம்பு எடையில ஆக்சிஜன் சுமார் 65 சதவீதம், கார்பன் 18, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 3, இந்த நாலு கலர்லயே 96 வந்துருது. வெள்ளை பந்து மட்டும் 36க்கு குறையாம இருக்கான்னு பாருங்க, ஒலீயிக் அமிலத்துக்கே 34 போயிரும். செல்லுக்கு சக்தி குடுக்கற ஏ.டி.பி. மூலக்கூறை காட்டணும்னா பாஸ்பரஸ் பந்து மூணு வேணும், எனக்கு வந்ததுல அவ்வளவு இல்ல, பசங்க களிமண்ணுல உருட்டி காய வச்சு ஊதா பெயிண்ட் அடிச்சாங்க, அதைத்தான் இப்பவும் யூஸ் பண்றோம்.