ஆறு வருடமாகப் போய்வரும் பிராஸரி: வியாழன் இரவும் ட்ரம்ஸ் இல்லாத ஜாஸும்

பாரீஸ் 18-ஆம் வட்டாரத்தில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பிராஸரி, அதாவது பீரும் சாப்பாடும் கிடைக்கும் பிரெஞ்சு உணவகம், இருக்கிறது. 2019 கடைசியில் முதல் தடவை போனோம். நடுவில் கொரோனாவுக்காக 2020 மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஒரு தடவை மூடினார்கள், மறுபடி அக்டோபர் இறுதியில் மூடி, 2021 ஜூன் 9-க்குப் பிறகுதான் உள்ளே உட்கார விட்டார்கள். அந்தக் காலங்களை விட்டால் மாதம் இரண்டு வியாழக்கிழமையாவது நானும் மனைவியும் அங்கேதான் சாப்பிடுகிறோம். வியாழன் இரவு எட்டரைக்கு ஜாஸ். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

இரண்டு கிட்டார், ஒரு வயலின், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸ், அவ்வளவுதான். ட்ரம்ஸ் கிடையாது. இது மனூஷ் ஜாஸ், 1934-இல் இதே பாரீஸில் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் சேர்ந்து நடத்திய குழுவின் வழி. அவர்களிடமும் மூன்று கிட்டார், வயலின், பேஸ் மட்டுமே. தாளத்தை ஒரு கிட்டாரே பார்த்துக்கொள்ளும்: கம்பிகளை மீட்டிய உடனே கையை லேசாகத் தளர்த்தி ஒலியை அமுக்கினால் ச்சக் ச்சக் என்று விழுகிறதே, அதற்கு 'லா போம்ப்' என்று பெயர். மிருதங்கம் இல்லாத கச்சேரி களைகட்டுமா என்று முதலில் எனக்கும் சந்தேகம்தான், ஆனால் அரை மணி நேரத்தில் மேசைக்கு அடியில் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் இடைவேளையில் கிட்டார்க்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் இடது கையின் கடைசி இரண்டு விரல்களை மடக்கிக் காட்டி, 1928-இல் வண்டி வீட்டில் பிடித்த தீயில் ஜாங்கோவுக்கு இந்த இரண்டும் கருகிச் சரியாக இயங்காமல் போய்விட்டன, மிச்சமிருந்த விரல்களை வைத்துத்தான் அந்த வேகம் என்றார். அன்றிலிருந்து நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த இசை சாப்பாட்டுக்கு எவ்வளவு தோதானது என்பது 2023-இல்தான் புரிந்தது. சில மாதங்களுக்கு ட்ரம்ஸ், சாக்ஸஃபோனோடு வேறு குழுவைப் போட்டார்கள். நல்ல கலைஞர்கள்தான், ஆனால் பிராஸரி என்றால் சுவரெல்லாம் கண்ணாடி, தரையில் டைல்ஸ், உலோகத் தகடு போட்ட நீள கவுன்ட்டர், ஒலியை உறிஞ்ச ஒன்றுமே கிடையாது. எதிரே இருந்த மனைவியிடம் கத்திப் பேச வேண்டியிருந்தது, வாத்து கேட்டால் மீன் வந்தது. இனி வரமாட்டேன் என்று அவள் சொன்ன பிறகு முதலாளியிடம் நேராகவே சொன்னேன். நாங்கள் மட்டும் சொல்லியிருக்க மாட்டோம், குளிர்காலத்துக்குள் பழைய குழு திரும்பிவிட்டது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வெங்காய சூப் அருமை, மேலே சீஸ் உருகிக் கொதித்துக்கொண்டே வரும், ஆனால் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்வது, மாடு சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். ஸ்டேக்கை நம் ஆட்கள் பயந்துபோய் 'பியாங் குய்' என்று முழுக்க வேகவைக்கச் சொல்வார்கள், வந்தால் மெல்லவே முடியாது. நடுத்தரமாக வெந்தது வேண்டும் என்பதற்கு 'ஆ புவாங்' என்று சொல்லிப் பாருங்கள். சூக்ரூட் எனக்குப் பிடித்தது, புளித்த முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும். 1870-இல் ஜெர்மானியரோடு நடந்த போருக்குப் பிறகு பாரீஸுக்கு வந்த, கிழக்கே அல்சாஸ் பகுதியைச் சேர்ந்தவர்கள் திறந்த பீர்க்கடைகளால்தான் இந்த வகைக் கடைகளே இங்கே பெருகின, அதனால் அதற்கு பீர்தான் சரி. இனிப்பு வகைகள் சுமார்.

இன்னொரு குறை விலை. வியாழக்கிழமை ஒவ்வொரு பானத்துக்கும் இரண்டு யூரோ கூடுதல், அது மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. வாங்குவது நியாயம்தான், உட்காரும்போதே வாயால் சொல்லலாமே. தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். சர்வீஸ் பில்லிலேயே சேர்ந்துவிடும், டிப்ஸ் உங்கள் விருப்பம்.

ஏழரைக்கே போய்ச் சுவரோரத் தோல் பெஞ்சைப் பிடியுங்கள், வயலின் அங்கே தெளிவாகக் கேட்கும். அப்புறம், பத்து மணிக்குத் தொப்பி சுற்றி வரும். வாசிப்பவர்களுக்கு நேராகப் போகிற காசு அது, அதில் கார்டு செல்லாது. ஐந்து யூரோ நோட்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.