லினக்ஸ் பூட் ஆகவில்லையா? ரெக்கவரி மோடா, லைவ் யூஎஸ்பியா, டைம்ஷிஃப்டா, ரீ-இன்ஸ்டாலா?

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள், சிஸ்டம் பூட் ஆகவில்லை என்றால் சிபியூவை வண்டியில் வைத்து நேராகக் கடைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அங்கே ஃபார்மேட் அடித்து விண்டோஸ் போட்டுத் தந்துவிடுவார்கள். பிள்ளையின் ப்ராஜெக்ட், கல்யாண போட்டோ எல்லாம் அதோடு போச்சு. இது எனக்குப் பொறுக்கவில்லை. பூட் ஆகாத சிஸ்டத்தில் பல நேரம் ஃபைல்களுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

கையில் இருக்கும் வழிகள் நாலு. சிஸ்டம் எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால்தான் எது சரி என்று சொல்ல முடியும். பவர் போட்டதும் திரையே வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால், அது லினக்ஸ் விவகாரமே இல்லை. முதலில் ராமைப் பாருங்கள். ராயபுரம், காசிமேடு மாதிரி உப்புக்காற்று படும் வீடுகளில் ராமைக் கழற்றி, காண்டாக்ட்டைத் துடைத்து மாட்டினாலே சில சமயம் எழுந்துவிடும்.

லினக்ஸை ஏற்றிவிடும் தொடக்க புரோகிராமான கிரப்பின் மெனு வருகிறது, அதற்கப்புறம் நிற்கிறது என்றால் முதல் வழி பழைய கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) ரெக்கவரி மோடும். மெனு தானாக வராவிட்டால், யூஇஎஃப்ஐ உள்ள புது மதர்போர்டில் எஸ்கேப் கீ, பயாஸ் உள்ள பழைய போர்டில் ஷிஃப்ட் கீயை அழுத்துங்கள். கரண்ட் போகும் ஊரில் இந்த வழிக்குத் தனி மதிப்பு உண்டு. யூபிஎஸ் இல்லாத வீட்டில் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால், புதுக் கெர்னல் எழும்போது முதலில் தேவைப்படும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் முழுதாக உருவாகியிருக்காது. அடுத்த தடவை 'கெர்னல் பேனிக்' என்று நின்றுவிடும். கிரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் எதுவும் நடக்காதது போல டெஸ்க்டாப் வரும். இல்லையென்றால் உபுண்டுவின் ரெக்கவரி மெனுவில் உள்ள 'டிபிகேஜி' பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடித்து வைக்கும். 'எஃப்எஸ்சிகே' டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும். 'கிளீன்' இடம் நிரம்பிய டிஸ்க்கில் கொஞ்சம் காலி செய்து தரும். பென்டிரைவ் வேண்டாம், நெட்டும் அநேகமாக வேண்டாம். ஆனால் கிரப்பே போய்விட்டால் இந்த வழி இல்லை.

அங்கேதான் லைவ் யூஎஸ்பி, அதாவது பென்டிரைவில் இருந்தே ஓடும் லினக்ஸ். நாலில் எனக்கு மிகவும் நம்பிக்கையானது இதுதான். தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு பையன் கூப்பிட்டான். "அண்ணா, கறுப்புத் திரையில சிவப்பு ஸ்டார் இப்படியும் அப்படியும் ஓடுது." "கடைசி வரியை போட்டோ எடுத்து அனுப்புப்பா" என்றேன். 'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று ஒரு டிஸ்க்கின் யூயூஐடி (அடையாள எண்), பக்கத்தில் ஒன்றரை நிமிடக் கெடு. பேக்கப்புக்கு வைத்திருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை, பூட் ஆகும்போது எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுதிவிட்டு, டிஸ்க்கைக் கழற்றிப் பெரியப்பா வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். கெடு முடிந்ததும் எமர்ஜென்சி மோட். அவனுடையது ரூட் (அட்மின்) பாஸ்வேர்டு வைக்காத டெபியன் லினக்ஸ். 'ரூட் அக்கவுன்ட் லாக்டு' என்று அங்கேயும் உள்ளே விடவில்லை. லைவ் யூஎஸ்பியில் ஏறி, லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதியை) மவுன்ட் செய்து, அதாவது திறந்து, எஃப்எஸ்டேப் வரியில் 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே) என்று ஒரு சொல் சேர்த்தான். அவ்வளவுதான். இதற்குப் போய் ஃபார்மேட் அடித்திருந்தால்?

கிரப் போனாலும் இதே பென்டிரைவ்தான். பென்டிரைவில் இருந்தபடியே டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைய விடும் சிஹெச்ரூட் கமாண்டு வழியாக உள்ளே போய் கிரப்பை மறுபடி நிறுவலாம். கமாண்டு அடிக்கத் தயக்கம் என்றால் 'பூட்-ரிப்பேர்' கருவி இருக்கிறது, அதற்கு நெட் வேண்டும். ஆனால் அதற்குமுன் பயாஸில் பூட் வரிசையை (எந்த டிஸ்க்கை முதலில் தேடுவது என்பதை) பாருங்கள். பழைய போர்டில் செட்டிங்கைக் காக்கும் சிறு சிமாஸ் பேட்டரி தீர்ந்தால் செட்டிங் அழிந்து, சிஸ்டம் வேறு டிஸ்க்கில் தேடிக்கொண்டிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற கதைதான்.

சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் கருவியான டைம்ஷிஃப்ட் வேகமானது. லினக்ஸ் மின்ட்டின் லைவ் யூஎஸ்பியிலேயே அது இருப்பதால், பூட் ஆகாத சிஸ்டத்தையும் நேற்றைய நிலைக்குக் கொண்டுபோகலாம். முன்கூட்டியே ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துச் சிஸ்டத்தின் நகல்) எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இன்னொன்று, அது சிஸ்டத்துக்கான காப்பு. உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை வழக்கமாக எடுக்காது. அதை நம்பிப் போட்டோவை விட்டுவிடாதீர்கள்.

ரீ-இன்ஸ்டால், ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் தப்பில்லை. அதை ஃபார்மேட் செய்யாமல் மேனுவல் முறையில் போடலாம். ஒரே பார்ட்டிஷன் என்றால் அது கடைசி வழி. 'இரேஸ் டிஸ்க்' என்பதை அழுத்தினால் திரும்ப வராது.

டிஸ்க்கே சாகிறதோ என்று சந்தேகம் வந்தால் மட்டும் வரிசை மாறும். பழைய ஹார்டு டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் வந்தாலோ, டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலோ எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். லைவ் யூஎஸ்பியில் ஏறி முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். ரிப்பேர் அதற்கப்புறம்.