செல்ஃப் வாட்டரிங் தொட்டி: புதினாவுக்கு வரம், ரோஸ்மேரிக்கு வினை

சமையலுக்கான வாசனை இலைகளை ஜன்னலோரத்திலோ பால்கனியிலோ வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது செல்ஃப் வாட்டரிங் தொட்டிதான். அடியில் தண்ணீர் தேங்கும் அறை, மேலே மண், இரண்டையும் இணைக்கும் திரி. நிரப்பி வைத்துவிட்டால் செடி வேண்டியதைத் தானே இழுத்துக்கொள்ளும் என்று சொல்லி விற்கிறார்கள். பொய்யில்லை, ஆனால் எல்லாச் செடிக்கும் பொருந்தாது. புதினா, பேசில், பார்ஸ்லி, சைவ்ஸ், கொத்தமல்லி ஐந்துக்கும் தயங்காமல் வாங்கலாம். ரோஸ்மேரி, தைம், ஆரிகனோ, சேஜ், கற்பூரவல்லி வளர்ப்பதற்கென்றால் வேண்டவே வேண்டாம். அவற்றுக்கு அடியில் ஓட்டையுள்ள சாதாரண மண்தொட்டியே மேல்.

இந்தத் தொட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உள்தொட்டியிலிருந்து ஒரு கயிறு தண்ணீருக்குள் தொங்கும். மற்றதில் கயிறு இருக்காது. உள்தொட்டியின் அடிப்பாகம் ஓட்டைகளோடு கால்போல் கீழே நீண்டு தண்ணீரில் நிற்கும். அதில் அடைத்த மண்ணே திரியின் வேலையைச் செய்யும். இரண்டு மூன்று லிட்டர் மண் பிடிக்கும் சிறு தொட்டிக்குக் கயிறு போதும். அதற்கு மேல் மண்ணடைத்த கால் உள்ளதுதான் தாக்குப்பிடிக்கும். நன்றாக வளர்ந்த செடி வெயிலில் உறிஞ்சும் வேகத்துக்கு மெல்லிய கயிறு ஒன்றால் ஈடுகொடுக்க முடியாது.

கயிறு வகை என்றால் அது எதனால் ஆனது என்று பார்த்து வாங்க வேண்டும். பருத்தி முதலில் பிரமாதமாக உறிஞ்சும், சில மாதத்தில் மக்கிப் போகும். மேலே செடி வாடிக்கொண்டிருக்கும், கீழே தண்ணீர் குறையவே குறையாது. காரணம் தெரியாமல் பலர் செடியையே குறை சொல்வார்கள். பருத்தியைக் கழற்றிவிட்டுப் பாலியெஸ்டர் அல்லது நைலான் பின்னல் கயிறு போடுங்கள். புதுக் கயிற்றில் ஆலையில் பூசிய எண்ணெய்ப்பசை இருக்கும். சோப்புத் தண்ணீரில் துவைத்து நன்றாக அலசிய பிறகுதான் அதில் நீர் ஏறும். ஒரு முனையைத் தண்ணீரில் விட்டுத் தொங்கவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் நாலு விரற்கடை உயரத்துக்காவது ஈரம் ஏறவில்லை என்றால் அந்தக் கயிறு உதவாது.

அடுத்து, பெட்டியின் மேல் போட்டிருக்கும் கொள்ளளவு. அது பல நேரம் முழுத் தொட்டியின் அளவாக இருக்கும், தண்ணீர் அறையின் அளவாக இருக்காது. வாங்கியதும் அளவுக் கோப்பையால் ஊற்றி, மிஞ்சிய நீர் வெளியேறுவதற்கான வழியும் துளையில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்துவிடுங்கள். நல்ல வெயிலில் நிற்கும் புதர் மண்டிய பேசில் செடி ஒரு நாளைக்குக் கால் லிட்டர் சாதாரணமாகக் குடிக்கும். அறையில் 1 லிட்டர்தான் பிடிக்கும் என்றால் கணக்கு நாலு நாளோடு முடிந்தது. ‘இரண்டு வாரம் கவலையில்லை’ என்ற வாசகம் நிழலில் வளரும் சின்னச் செடிக்குத்தான் பொருந்தும். ஊருக்குப் போகும் திட்டத்தை அதை நம்பிப் போடாதீர்கள்.

வழியும் துளை இல்லாத தொட்டியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், திறந்த இடத்தில் வைக்கக் கூடாது. ஒரே மழையில் அறை நிரம்பி மண்ணுக்குள் ஏறிவிடும், வேர் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஜன்னலோரத்துக்குக்கூட துளை உள்ளதே நல்லது. உள்ளே எவ்வளவு நீர் இருக்கிறது என்று பார்க்க வசதியாகக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் சில தொட்டிகளைச் செய்கிறார்கள். வெளிச்சம் பட்டதும் பாசி பிடிக்கும், திரியில் வழவழவென்று படியும். ஒளி புகாத சுவரும், மட்டம் காட்ட ஒரு மிதவைக் குச்சியும் உள்ளதே சரியான அமைப்பு. மிதவை சில சமயம் குழாயில் சிக்கிக்கொண்டு அறை காலியான பிறகும் ‘நிறைவு’ என்றே காட்டும். ஆகவே வாரம் ஒரு தடவை குச்சியை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி மேலே வந்தால் சரி.

நீர் ஊற்றும் குழாய்க்கு மூடி இருக்கிறதா என்பதும் முக்கியம். திறந்த குழாய் கொசுவுக்கு வாசல். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க வெப்பமான பருவத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடி இல்லையென்றால் நுண்வலைத் துண்டை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். வழியும் துளைக்கும் அதே வலை வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இந்தத் தொட்டியில் செடி சாகிறதென்றால் பெரும்பாலும் காரணம் மண் கலவைதான் என்று தாராளமாகச் சொல்லலாம். தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால், எப்போதும் ஈரமாகவே இருப்பதால் இறுகிக் களியாகும். காற்றுக்கு இடமில்லாமல் வேர் அழுகும். சரியான கலவை இது: கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 2 பங்கு, நன்கு மக்கிய கம்போஸ்ட் 1 பங்கு, பெர்லைட் (எரிமலைக் கல்லைப் பொரித்த வெள்ளை மணிகள்) 1 பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் சலித்தெடுத்த பருமணல் போடலாம், எடைதான் கூடும். கோகோபீட்டை ஊறவைத்துப் பிழிந்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவதை விட்டுவிடாதீர்கள். தென்னை நாரில் இயற்கையாகவே உப்பு தங்கியிருக்கும். சாதாரணத் தொட்டியில் நாளடைவில் அது வழிந்து போய்விடும், இங்கே போக வழியே கிடையாது. கலவையைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தொட்டதும் உதிர வேண்டும். அந்த ஈரத்தில்தான் காலுக்குள் அடைக்க வேண்டும். காய்ந்த கலவையை அடைத்துவிட்டுக் கீழே தண்ணீர் ஊற்றினால் அது மேலே ஏறவே ஏறாது.

நட்ட முதல் இரண்டு மூன்று வாரம் மேலிருந்துதான் நீர் ஊற்ற வேண்டும், அறையைக் காலியாக விடுங்கள். இளம் வேர் மேல்மண்ணில்தான் இருக்கும், கீழிருந்து வரும் ஈரம் அதற்கு எட்டாது. வேர் இறங்கிய பிறகு அறையை நிரப்பத் தொடங்குங்கள். அப்போதும் காலியானவுடன் நிரப்பாமல் ஒரு நாள் விட்டு நிரப்பினால் மண்ணுக்குள் காற்று புகும். எப்போதும் விளிம்புவரை நிரம்பியே இருக்கும் தொட்டியில்தான் மேல்மண் சொதசொதவென்று ஆகி, குட்டிக் கறுப்பு ஈக்கள் கிளம்பும்.

உள்தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும். வேர் வெள்ளையாக, நிமிண்டினால் விறைப்பாக இருந்தால் நலம். பழுப்பாகி, இழுத்ததும் தோல் உறையாகக் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் நின்றால் அழுகல். தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பெரும்பாலும் யாரோ அறைக்குள் உரம் ஊற்றியிருப்பார்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம், கம்போஸ்ட் கரைசல் எதுவானாலும் தேங்கிய நீரில் கெட்டுத்தான் போகும். உரம் மேலிருந்துதான், அதுவும் பாக்கெட்டில் சொன்னதில் நாலில் ஒரு பங்கு வலிமையில், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை.

மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவது உப்பு. தண்ணீர் கீழிருந்து ஏறி மேலே ஆவியாகும்போது கரைந்திருந்ததை அங்கேயே விட்டுப்போகிறது. இலை நுனி கருகத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மாதம் ஒரு முறை அறையைக் காலி செய்து, உள்தொட்டியைத் தனியே தூக்கி வைத்து, அதன் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் இதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

செடிக்குச் செடி எப்படி என்றால், புதினாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால் வேர் விடும், இந்தத் தொட்டியில் நட்டால் காடாகும். அதனாலேயே அதற்குத் தனித் தொட்டி கொடுங்கள். கூட எதை நட்டாலும் ஓடுதண்டு விட்டு அதன் இடத்தைப் பிடித்துவிடும், வேர் நீர்க்குழாயையும் அடைக்கும்.

பேசிலுக்கு ஈரத்தோடு தினமும் ஆறு மணி நேர வெயிலும் வேண்டும். தண்ணீர் மட்டும் தாராளமாகக் கிடைத்து வெளிச்சம் குறைந்தால் தண்டு நெடுநெடுவென்று இழுக்கும், இலையில் மணம் இருக்காது. ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். எங்கே கிள்ளுகிறோம் என்பதுதான் விஷயம். ஒவ்வொரு இலை ஜோடியின் கக்கத்திலும் கடுகளவு துளிர் இரண்டு இருக்கும். அந்த ஜோடிக்குச் சற்று மேலே வெட்டினால் ஒரு தண்டு இரண்டாகக் கிளைக்கும். அடி இலைகளை மட்டும் பறித்துக்கொண்டே போனால் மொட்டைக் குச்சியின் உச்சியில் நாலு இலை மிஞ்சும். பூமொட்டு தெரிந்த அன்றே கிள்ளிவிடுங்கள். கடையில் வாங்கும் பேசில் தொட்டியில் பெரும்பாலும் பல நாற்றுகளை நெருக்கி வைத்திருப்பார்கள். அதை அப்படியே இறக்கி வைக்காமல் மூன்று நாலாகப் பிரித்து, தொட்டிக்கு ஒரு பிரிவாக நடுங்கள்.

கொத்தமல்லிக்கு இந்தத் தொட்டி பாதி நன்மைதான். ஈரம் சீராக இருப்பதால் செடி பதறாமல் இலை விடும். ஆனால் அது சீக்கிரம் பூப்பதற்கு முக்கியக் காரணம் வெப்பமும் நீண்ட பகலும். அதை எந்தத் தொட்டியாலும் தடுக்க முடியாது. மல்லியின் ஒரு உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கும். லேசாக அழுத்தி இரண்டாகப் பிளந்து, 1 செ.மீ. ஆழத்தில் நேரடியாகத் தொட்டியிலேயே விதையுங்கள். ஆணிவேர்ச் செடி, நாற்றைப் பெயர்த்து நட்டால் கோபித்துக்கொண்டு பூத்துவிடும். முளைக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், அதுவரை மேல்மண் காயக் கூடாது. மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி என்று அடுத்தடுத்து விதைத்தால் இலைக்குத் தட்டுப்பாடு வராது. பூத்துவிட்ட செடியைப் பிடுங்கிப் போடாதீர்கள். பச்சைக்காயை நசுக்கிச் சமையலில் சேர்த்தால் இலைக்கும் விதைக்கும் நடுவிலான அருமையான மணம் வரும்.

பார்ஸ்லியை வெளித்தண்டிலிருந்து அடியோடு வெட்டுங்கள். சைவ்ஸை மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை விட்டு வெட்டுங்கள். எந்தச் செடியிலும் ஒரே சமயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

விளம்பரங்கள் சொல்லாத ஒரு விஷயம் சமையலறையில்தான் தெரியும். எப்போதும் நீர் கிடைக்கும் செடியின் இலை பெரிதாகவும் மென்மையாகவும் இருக்கும், ஆனால் மணம் சற்று நீர்த்திருக்கும். சாலட்டுக்கும் பச்சையாகத் தூவுவதற்கும் அது நல்லதே. அரைத்து சாஸ் செய்ய அழுத்தமான மணம் வேண்டுமென்றால், வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அறையை நிரப்பாமல் விடுங்கள். இலை வாடக் கூடாது, மேல்மண் காய்ந்தால் போதும். பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். தழைச்சத்து உரம் மிஞ்சினாலும் இலை இதேபோல் பெருத்து மணம் குறையும், அதற்கு மருந்து உரத்தை நிறுத்துவதுதான்.

பேசில், புதினா இலைகளின் மணம் மேல்தோலில் உள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. தேய்த்துக் கழுவினால் பாதி தண்ணீரோடு போய்விடும். முக்கி எடுத்து, துணியில் ஒற்றி, பரிமாறுமுன் கிள்ளிப் போடுங்கள். கொத்தமல்லி, பார்ஸ்லிக்கு மணம் இலைக்கும் தண்டுக்கும் உள்ளே ஓடும் நாளங்களில் இருப்பதால் நறுக்கினால்தான் வெளிவரும், மழுங்கிய கத்தியால் நசுக்கக் கூடாது. கொத்தமல்லித் தண்டை எறிய வேண்டாம். அரைக்கும் எதற்கும் இலையைவிடத் தண்டு நன்றாகத் திடம் கொடுக்கும். இவை எல்லாமே அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பவை, கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போகும். ரோஸ்மேரியும் தைமும் அப்படியல்ல, எண்ணெயில் தொடக்கத்திலேயே போட வேண்டும்.

பேசிலை அரைத்தால் கறுப்பது காற்றுபட்டு நொதி செய்யும் வேலை. கொதிநீரில் 10 விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து அரைத்தால் பச்சை நிற்கும். வெட்டிய பேசிலை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் இலை கறுக்கும். தண்டு நனைய ஒரு டம்ளர் தண்ணீரில் மேஜைமேல் வையுங்கள். கொத்தமல்லி, பார்ஸ்லியைத் தண்டு தண்ணீரில் நிற்க, மேலே பை கவிழ்த்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக வரும். மிஞ்சிய இலையை நறுக்கி எண்ணெய் ஊற்றி ஐஸ் தட்டில் உறைய வைக்கலாம். ஆனால் பச்சை இலையை எண்ணெயில் போட்டு வெளியே அலமாரியில் வைப்பது ஆபத்து. காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

எந்த அளவு வாங்குவது என்று கேட்டால், பேசிலுக்கும் பார்ஸ்லிக்கும் 4 முதல் 5 லிட்டர் மண்ணும் 1.5 லிட்டர் தண்ணீரும் பிடிக்கும் தனித்தனித் தொட்டி. கொத்தமல்லிக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம் என்றாலும் மண் ஒரு சாணுக்குக் குறையக் கூடாது. ஒரே நீளத் தொட்டியில் ஆறு வகை வைத்துத் தரும் ‘ஹெர்ப் கார்டன் கிட்’ வேண்டாம். அதில் புதினாவையும் தைமையும் ஒரே தண்ணீர் அறைக்கு மேல் உட்கார வைத்திருப்பார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தைம், ரோஸ்மேரி நாற்றுகளை இன்றே எடுத்து, பாதிக்குப் பாதி பருமணல் கலந்த மண் நிரப்பிய மண்தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.